மேவன் பிளகினை நம் ஃபோல்டரிலிருந்தே நிறுவுவது எப்படி

மண்டபத்தில் வாடைக் காற்று பிடித்துவிட்டால் எங்கள் அறையில் முதலில் போவது இணையம்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும், போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அப்படி ஒரு நாளில்தான் கீழக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்த தம்பி ஒருவன் பென் டிரைவை என் கையில் கொடுத்து, "காக்கா, ஜார் ஃபைல் இதுலயே இருக்கு. ஆனா பிளகின் கிடைக்கலைன்னே சொல்லுது" என்றான்.

மேவன் என்பது நாம் எழுதிய ஜாவா கோடை ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டித் தரும் கருவி; அப்படிக் கட்டுவதைத்தான் பில்டு என்கிறோம். பிளகின் மேவனுக்குக் கூடுதல் வேலை கற்றுத் தரும் துண்டு, ஜார் என்பது ஜாவா கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிவைத்த ஃபைல். அவன் சொன்னது சரி. ஜார் இருந்தது. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் "லிப்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்திருந்தான். ஜார் நம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது என்று மேவனுக்குப் புரிகிற முறையில் வைக்க வேண்டும், வைத்த இடத்தைச் சரியான பகுதியில் சொல்லவும் வேண்டும். அந்த இரண்டையும் முதல் தடவையாகச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் புராஜெக்ட் மீன் ஏலக் கணக்கு. எடை, விலை, கமிஷன், ரசீது, அவ்வளவுதான். அதில் நாங்களே எழுதிய பிளகின் ஒன்று உண்டு. சீலா, நகரை, விளைமீன், பாறை, காரல், நெத்திலி என்று நம் கரையில் வழங்கும் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படித்து, பில்டு நடக்கும்போதே ஜாவா கிளாஸாக மாற்றித் தரும். நாங்கள் எழுதியது என்பதால் அது மேவன் சென்ட்ரலில் (எல்லாருக்கும் பொதுவான இணையக் கிடங்கு) கிடையாது. உங்களுடையது கல்லூரி புராஜெக்ட்டுக்காக எழுதிய பிளகினாக இருக்கலாம், வேறு குழு கொடுத்த ஜாராக இருக்கலாம். செய்முறை ஒன்றுதான்.

கட்டளைகளையும் டேக் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மேவன் எங்கெங்கே தேடும்

இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் "டாட் எம்2" என்று ஒன்று இருக்கும். அதற்குள் "ரெப்போசிட்டரி", அதாவது கிடங்கு. இதுதான் லோக்கல் ரெப்போசிட்டரி. மேவன் எதை எடுக்கப் போனாலும் முதலில் இங்கேதான் பார்க்கும். இங்கே இல்லை என்றால்தான் ரிமோட் ரெப்போசிட்டரிக்குப் போகும். அங்கிருந்து இங்கே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலைப் பயன்படுத்தும்.

நாம் இப்போது அமைக்கப்போகும் ஃபைல் ரெப்போசிட்டரி நம் ஹார்டு டிஸ்க்கிலேயே இருந்தாலும், மேவன் கணக்கில் அது ரிமோட்தான். ஏலக்கூடம் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வீட்டு ஐஸ் பெட்டியில் மீன் இருக்கும்போது யாரும் ஏலக்கூடத்துக்குப் போவதில்லை அல்லவா? அதேபோல "டாட் எம்2"-இல் நகல் இருக்கும்வரை மேவன் உங்கள் ஃபோல்டரைத் திரும்பிப் பார்க்காது. "ஜாரை மாற்றி வைத்தேன், பழையதே ஓடுகிறது" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் வேலை: ஜாரைத் திறந்து பார்ப்பது

ஜேடிகேயும் மேவன் 3-ம் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். "எம்விஎன் -வி" என்று தட்டினால் இரண்டின் வெர்ஷனும் வரும். வராவிட்டால் ஜாவா ஹோமையும் பாத்தையும் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

சரி, டெர்மினலில் "ஜார் -டிஎஃப்" (-tf) என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு உங்கள் ஜாரின் பெயரைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களின் பட்டியல் ஓடும். அதில் "மெட்டா-இன்ஃப் / மேவன் / பிளகின்.எக்ஸ்எம்எல்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிளகினில் என்னென்ன கோல் (பிளகின் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள பெயர்) இருக்கின்றன, எந்தக் கிளாஸ் அதை ஓட்டுகிறது என்று மேவனுக்குச் சொல்லும் ஃபைல் அது. அது இல்லாத ஜார் வெறும் லைப்ரரி. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பிளகினாக ஓடாது. எழுதியவர் பாமில் (புராஜெக்ட்டின் விவரங்களை மேவனுக்குச் சொல்லும் "பாம்.எக்ஸ்எம்எல்" ஃபைல்) பேக்கேஜிங்கை "மேவன்-பிளகின்" என்று கொடுக்காமல் "ஜார்" என்றே விட்டிருப்பார். அவரிடம் திருப்பிக் கொடுத்து மறுபடி பில்டு செய்யச் சொல்லுங்கள்.

அதே பட்டியலில் குரூப் ஐடியும் (எழுதிய குழுவின் பெயர்) ஆர்டிஃபாக்ட் ஐடியும் (பிளகினின் பெயர்) ஃபோல்டர்களாக வந்து, கடைசியில் "பாம்.எக்ஸ்எம்எல்" ஒன்று தெரியும். "ஜார் -எக்ஸ்எஃப்" கொடுத்து அதை வெளியே எடுத்து வையுங்கள். அடுத்த வேலைக்கு அது வேண்டும். கீழக்கரைத் தம்பியின் ஜாரில் இரண்டுமே இருந்தன. ஜாரில் கோளாறு இல்லை, வைத்த இடத்தில்தான் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது: ரெப்போசிட்டரியில் ஏற்றுவது

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் "ரெப்போ" என்று ஒரு காலி ஃபோல்டர் போடுங்கள். ஜாரைக் கையால் அதற்குள் காப்பி செய்ய வேண்டாம். மேவனே ஏற்றட்டும். கட்டளையின் பெயர் "எம்விஎன் டிப்ளாய்:டிப்ளாய்-ஃபைல்". அதனுடன் "-டி" (-D, பெரிய எழுத்து) என்று தொடங்கும் நான்கு விவரங்கள். பெரிய எழுத்து என்று கீழே சொல்வது அந்த டிக்குப் பிறகு வரும் எழுத்துகளைப் பற்றி:

"-டிஃபைல்" = ஜார் இருக்கும் பாதை
"-டிபாம்ஃபைல்" = இப்போது வெளியே எடுத்த பாம். அதில் எஃப் மட்டும் பெரிய எழுத்து
"-டியூஆர்எல்" = ஃபைல், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு, பிறகு ரெப்போ ஃபோல்டரின் முழுப் பாதை
"-டிரெப்போசிட்டரிஐடி" = நீங்கள் வைக்கும் பெயர். நாங்கள் "கரை-கோப்பகம்" என்று வைத்தோம். இதில் ஐ மட்டும் பெரிய எழுத்து

லினக்ஸில் பாதையே ஒரு சாய்கோட்டில்தான் தொடங்கும் என்பதால் அதையும் சேர்த்து மொத்தம் மூன்று. விண்டோஸில் மூன்று சாய்கோட்டுக்குப் பிறகு சி டிரைவின் எழுத்து வரும். அதற்குப் பிந்திய பாதையிலும் முன்சாய்ந்த கோட்டையே போடுங்கள். பாதையில் எங்கேயும் இடைவெளி உள்ள பெயர் வேண்டாம். பவர்ஷெல்லில் தட்டுகிறீர்கள் என்றால் "-டி" என்று தொடங்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். போடாவிட்டால் பவர்ஷெல் புள்ளி வரும் இடத்தில் அதை இரண்டாக வெட்டிவிடும்; அப்புறம் மேவன் புரியாத பிழை ஒன்றைச் சொல்லும்.

பாம்ஃபைலை விட்டுவிடக் கூடாது. மேவன் தானாக ஒரு பாம் எழுதிக்கொள்ள நேர்ந்தால், பிளகின் எந்தெந்த லைப்ரரியை நம்பி இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்காது. ஏற்றும்போது எல்லாம் நன்றாகத் தெரியும், ஓட்டும்போது கிளாஸ் கிடைக்கவில்லை என்று நிற்கும்.

இந்தக் கட்டளையை இணையம் இருக்கும் நாளில் செய்துவிடுங்கள். டிப்ளாய் என்பதே ஒரு பிளகின்தான். உங்கள் கணினியில் அது இதுவரை ஓடியதில்லை என்றால் சென்ட்ரலிலிருந்து இறங்க வேண்டியிருக்கும்.

முடிந்ததும் ரெப்போவைத் திறந்து பாருங்கள். எங்கள் குரூப் ஐடி "கரை.கருவி", ஆர்டிஃபாக்ட் "மீன்பெயர்-மேவன்-பிளகின்", வெர்ஷன் 1.0.0. உள்ளே வந்திருப்பது இது:

ரெப்போ / கரை / கருவி / மீன்பெயர்-மேவன்-பிளகின் / 1.0.0 /

குரூப் ஐடியில் இருந்த புள்ளி ஃபோல்டர் பிரிவாக மாறியிருக்கிறது. 1.0.0-க்குள் ஜார் ஒன்று, பாம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் எம்டி5, ஷா1 என்று சரிபார்ப்பு ஃபைல்கள். ஒரு படி மேலே "மேவன்-மெட்டாடேட்டா.எக்ஸ்எம்எல்". கையால் வைத்தால் இவற்றில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். கையால் வைக்க வேண்டாம் என்று சொன்னது அதனால்தான்.

பெயரைப் பற்றி ஒன்று. சொந்தப் பிளகினுக்கு "மீன்பெயர்-மேவன்-பிளகின்" என்ற வரிசைதான் சரி. "மேவன்-மீன்பெயர்-பிளகின்" என்று மேவனை முன்னால் போடும் வரிசை அப்பாச்சி மேவன் குழு தன் பிளகின்களுக்காக ஒதுக்கி வைத்திருப்பது.

மூன்றாவது: பாமில் சொல்வது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்திருக்கிறேன், ஒரு முழுப் பகலை இதில் இழந்திருக்கிறேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பாமில் "ரெப்போசிட்டரீஸ்" என்று ஒரு பகுதி உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் ஃபோல்டரை அங்கேதான் எழுதுவார்கள். பெயரைப் பார்த்தால் அதுதான் சரி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பகுதி டிபெண்டன்சிகளுக்கு (புராஜெக்ட் நம்பியிருக்கும் லைப்ரரிகளுக்கு) மட்டும். பிளகினைத் தேடும்போது மேவன் அதைப் பார்ப்பதே இல்லை. பிளகினுக்கு என்று "பிளகின்ரெப்போசிட்டரீஸ்" எனத் தனிப் பகுதி இருக்கிறது. அதற்குள் "பிளகின்ரெப்போசிட்டரி", அதற்குள் ஐடியும் யூஆர்எல்லும். இந்தப் பகுதி "புராஜெக்ட்" டேக்குக்கு நேர் கீழே வர வேண்டும். "பில்டு"க்குள் போடக் கூடாது.

தம்பியின் பாமில் ரெப்போசிட்டரீஸ் பகுதி அழகாக இருந்தது. பிளகின்ரெப்போசிட்டரீஸ் இல்லை. பிழைச் செய்தியைக் கடைசி வரை படித்தால் இது தெரிந்துவிடும். எங்கெங்கே தேடினேன் என்று மேவன் அதில் சொல்லும். அவன் திரையில் சென்ட்ரல் மட்டும்தான் இருந்தது. உங்கள் ஐடி அந்தப் பட்டியலில் இல்லை என்றால் மேவன் உங்கள் ஃபோல்டர் பக்கமே வரவில்லை என்று பொருள்.

யூஆர்எல்லில் உங்கள் கணினியின் முழுப் பாதையை எழுதாதீர்கள். அடுத்தவர் கணினியில் அது உடையும். ஃபைல், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு டாலர் குறி போட்டு நெளிவு அடைப்புக்குள் "புராஜெக்ட்.பேஸ்டிர்", அதன்பின் சாய்கோடு, "ரெப்போ". விண்டோஸ் என்றால் தொடக்கத்தில் மூன்று சாய்கோடு. புராஜெக்ட்டில் பல மாட்யூல் இருந்தால் பேஸ்டிர் ஒவ்வொரு மாட்யூலுக்கும் அதனதன் ஃபோல்டரைக் காட்டும், ரெப்போ அங்கே இருக்காது. அப்போது "மேவன்.மல்டிமாட்யூல்புராஜெக்ட்டைரக்டரி" என்பதைப் பயன்படுத்துங்கள். மேல் ஃபோல்டரில் "டாட் எம்விஎன்" என்று ஒரு ஃபோல்டரும் போட்டு வையுங்கள். எது மேல் ஃபோல்டர் என்று மேவன் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும்.

இன்னொன்று. பிளகின் நம்பியிருக்கும் லைப்ரரிகளையும் மேவன் பிளகின்ரெப்போசிட்டரீஸ் வழியாகத்தான் தேடும். பிளகினுக்கும் புராஜெக்ட்டுக்கும் பொதுவாக நீங்கள் எழுதிய ஜார் ஒன்று இருந்தால், அதையும் ரெப்போவில் ஏற்றிவிட்டு, அதே யூஆர்எல்லை இரண்டு பகுதியிலும் எழுத வேண்டும்.

பிறகு வழக்கம்போல "பில்டு", "பிளகின்ஸ்" பகுதியில் குரூப், ஆர்டிஃபாக்ட், வெர்ஷன் எழுதி, எந்தக் கோல் ஓட வேண்டும் என்று "எக்ஸிக்யூஷன்ஸ்"-இல் கொடுங்கள். வெர்ஷனைக் கட்டாயம் எழுதுங்கள்.

கல்லூரிக் கணினியிலோ அலுவலகக் கணினியிலோ வேலை செய்கிறீர்கள் என்றால் "டாட் எம்2"-இல் உள்ள "செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்"-ஐயும் பாருங்கள். அதில் "மிரர்ஆஃப்" என்பதற்குள் நட்சத்திரக் குறி மட்டும் இருந்தால் எல்லாத் தேடலும் அந்த மிரருக்கே (மற்ற ரெப்போசிட்டரிகளுக்குப் பதிலாக நிற்கும் ரெப்போசிட்டரி) திரும்பிவிடும், உங்கள் ஃபைல் ரெப்போசிட்டரியும் சேர்த்து. அங்கே "எக்ஸ்டர்னல்", முக்காற்புள்ளி, நட்சத்திரம் என்று மாற்றச் சொல்லுங்கள். ஃபைல் வழியாக வருவதையும் லோக்கல்ஹோஸ்ட்டையும் அது விட்டுவிடும்.

நான்காவது: உண்மையிலேயே அங்கிருந்துதான் வருகிறதா

பில்டு வெற்றி என்று வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய நகல் "டாட் எம்2"-இல் இருந்தாலும் வெற்றி என்றுதான் வரும். அதனால் "டாட் எம்2 / ரெப்போசிட்டரி / கரை" ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். திரையில் "டவுன்லோடிங் ஃப்ரம் கரை-கோப்பகம்" என்று வந்து, அதை அடுத்து ஃபைல் என்று தொடங்கும் உங்கள் ரெப்போவின் பாதை வர வேண்டும். அந்த வரியைக் கண்ணால் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

அழித்துப் பார்ப்பதில் இன்னொரு பலனும் உண்டு. ஒரு தடவை தேடிக் கிடைக்காமல் போனதை மேவன் "லாஸ்ட்அப்டேட்டட்" என்ற ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அதன்பின் நீங்கள் பிழையைத் திருத்தினாலும், சாதாரணமாக ஒரு நாள் வரைக்கும் அந்த ரெப்போசிட்டரியில் அதை மறுபடி தேடாது. அழிக்க மனம் இல்லை என்றால் கட்டளையுடன் "-யூ" சேருங்கள், பெரிய எழுத்தில்.

இணையம் இல்லாமல் ஓட்டுவது

இணையம் நன்றாக இருக்கும் நாளில் "எம்விஎன் டிபெண்டன்சி:கோ-ஆஃப்லைன்" ஓட்டி, பிறகு முழு பில்டும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். தேவையான மற்ற பிளகின்களும் லைப்ரரிகளும் "டாட் எம்2"-இல் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு "-ஓ" போட்டு ஓட்டலாம்.

"-ஓ" போட்டால் இணையம் மட்டும்தான் நிற்கும், ஃபைல் ரெப்போசிட்டரி நிற்காது என்று நினைத்துவிடாதீர்கள். மேவனுக்கு அதுவும் ரிமோட் என்று முதலிலேயே சொன்னேன். "-ஓ" அதையும் சேர்த்தே மூடிவிடும். புதிய வெர்ஷன் ஏற்றிய பிறகு முதல் ஓட்டத்தை "-ஓ" இல்லாமல் ஓட்டுங்கள்.

"டாட் எம்2"-ஐ அப்படியே பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். பல சமயம் ஆகும், சில சமயம் ஆகாது. ஒவ்வொரு ஜாரின் பக்கத்திலும் "அடிக்கோடு ரிமோட்.ரெப்போசிட்டரீஸ்" என்ற சின்ன ஃபைல் இருக்கும். எந்த ஐடி உள்ள ரெப்போசிட்டரியிலிருந்து வந்தது என்று மேவன் அதில் எழுதி வைத்திருக்கும். அடுத்த கணினியில் அந்த ஐடி இல்லை என்றால், ஜார் கண்ணெதிரே இருந்தும் மேவன் ஏற்காது. புராஜெக்ட்டுக்குள்ளேயே ரெப்போ இருந்தால் அதன் ஐடியும் பாமோடு சேர்ந்தே பயணம் செய்யும்; நம் பிளகினுக்கு இந்தத் தொல்லை வராது.

கிட்டில் ஏற்றும்போது

கிட் என்பது கோடில் வரும் மாற்றங்களைக் குறித்து வைத்து, பலரும் பகிர்ந்துகொள்ள உதவும் கருவி. இங்கே இரண்டு இடம் கவனியுங்கள். ஜாவா புராஜெக்ட்டுக்கு வழக்கமாக எல்லாரும் எடுத்துப் போடும் "கிட்இக்னோர்" ஃபைலில் எல்லா ஜாரையும் விட்டுவிடு என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் ரெப்போவைச் சேர்த்துவிட்டதாக நினைப்பீர்கள். பாம் போயிருக்கும், ஷா1 போயிருக்கும், ஜார் மட்டும் போயிருக்காது. உச்சிப்புளியில் இருக்கும் நண்பர் குளோன் செய்துவிட்டு உங்களுக்குத்தான் போன் போடுவார். "கிட் ஆட் -எஃப்" கொடுத்து ஜாரைச் சேருங்கள், அல்லது ரெப்போவுக்கு மட்டும் ஆச்சரியக்குறியில் தொடங்கும் விலக்கு வரி ஒன்றை எழுதுங்கள்.

மற்றொன்று விண்டோஸில் வருவது. கிட் டெக்ஸ்ட் ஃபைல்களின் வரி முடிவை மாற்றிவிடுவதுண்டு. பாமில் ஒரு எழுத்து மாறினாலும் ஷா1 ஒத்துப்போகாது, சரிபார்ப்பு தவறியது என்று மேவன் எச்சரிக்கை தரும். "கிட்ஆட்ரிபியூட்ஸ்" ஃபைலில் ரெப்போவுக்குக் கீழே உள்ளவை எல்லாம் "-டெக்ஸ்ட்" என்று ஒரு வரி எழுதினால் கிட் அவற்றைத் தொடாது.

கிரேடில் பயன்படுத்துகிறவர்களுக்கு

கிரேடில் மேவனைப் போன்ற இன்னொரு பில்டு கருவி. அதில் பிளகின் ரெப்போசிட்டரியை "செட்டிங்ஸ்.கிரேடில்" ஃபைலின் தொடக்கத்தில் "பிளகின்மேனேஜ்மென்ட்" பகுதியில் எழுத வேண்டும். அங்கே நீங்கள் ஒரு ரெப்போசிட்டரி எழுதியதுமே வழக்கமான கிரேடில் பிளகின் போர்ட்டல் விலகிவிடும். அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கிரேடில் பிளகினை அதன் ஐடியைக் கொண்டு தேடும்போது "மார்க்கர்" என்ற சின்னப் பாம் ஒன்றைத்தான் முதலில் தேடும். ஜாரை மட்டும் வைத்தால் கிடைக்காது. பிளகினை எழுதியவர் "மேவன்-பப்ளிஷ்" பிளகினையும் "ஜாவா-கிரேடில்-பிளகின்" என்பதையும் சேர்த்துப் பப்ளிஷ் செய்தால் மார்க்கரும் கூடவே வந்துவிடும்.

பிளகினைத் திருத்தும்போது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, ஏலக் கணக்கில் வரவு குறைவு. நாங்கள் திருத்தங்களை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்வோம். அப்படித்தான் ஒரு தடவை பெயர்ப் பட்டியலில் கிழங்கான் விட்டுப்போனது தெரியவந்தது. தொண்டிப் பக்கம் ஏலம் எடுக்கும் அண்ணன் ஒருவர் ரசீதைக் காட்டி, "தம்பி, நாங்க விக்கிற மீனு இதுல இல்லையே" என்றார்.

ஜாரை மட்டும் மாற்றிப் போடத்தான் முதலில் கை போனது. செய்யவில்லை. 1.0.0 ஏற்கெனவே நான்கு கணினியின் "டாட் எம்2"-இல் நகலாக உட்கார்ந்திருந்தது. அதே எண்ணில் புது ஜார் வைத்தால் ஒருவருக்குக் கிழங்கான் வரும், மூவருக்கு வராது. பிளகினின் பாமில் வெர்ஷனை 1.0.1 ஆக்கி, பில்டு செய்து, அதே டிப்ளாய்-ஃபைல் கட்டளையை ஓட்டினோம். ரெப்போவில் 1.0.0-க்குப் பக்கத்தில் 1.0.1 வந்து நின்றது. புராஜெக்ட் பாமில் ஒரு எண்ணை மாற்றி, கிட்டில் ஏற்றி, மற்ற மூவரும் எடுத்துக்கொண்டு "-ஓ" இல்லாமல் ஒரு தடவை ஓட்டினார்கள். அடுத்த ஏலத்தில் அந்த அண்ணனின் ரசீதில் கிழங்கான் 14 கிலோ என்று அச்சாகி வந்தது.